நம் அணி தகுதிக்கு மீறி மெச்சப்படுகிறதா? பருவத்துக்கு முன் கணித்துப் பார்க்கும் முறை

கால்பந்துப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில், ஒரே அணியின் ரசிகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதிடுவது வழக்கம். நம் அணியை முதல் நான்கு இடங்களுக்குள் எல்லோரும் கணிப்பது நியாயமே என்பார்கள் ஒரு சாரார். சென்ற பருவத்தில் கைகொடுத்த அதிர்ஷ்டத்தைத் திறமை என்று எண்ணி எல்லோரும் ஏமாறுகிறார்கள் என்பார்கள் மறு சாரார். இந்த வாதம் ஆண்டுதோறும் முடிவின்றி நீள்வதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணம் அன்று. எந்த மதிப்பீட்டை மறுக்கிறோம், அதற்கு மாற்றாக எந்த எண்ணை வைக்கிறோம் என்பதை இரு தரப்பும் சொல்வதில்லை. ஆகவே பருவம் முடியும் மே மாதத்தில் எந்த முடிவு வந்தாலும் "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று இருவருமே கூறிக்கொள்ள முடிகிறது. அந்த வாதத்தைப் பின்னர் சரிபார்க்கக்கூடிய ஒரு கணிப்பாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் பிரீமியர் லீகைச் சேர்ந்தவை. 20 அணிகள் 38 ஆட்டங்கள் ஆடும் எந்த லீகுக்கும் இந்த முறை பொருந்தும்.

முதலில் யாருடைய மதிப்பீடு என்று தீர்மானியுங்கள்

தொலைக்காட்சி விமர்சகரின் கணிப்பு, பத்திரிகைகளின் பட்டியல், பந்தய நிறுவனங்கள் அறிவிக்கும் விகிதம், சக ரசிகர்களின் ஆரவாரம் ஆகியவை நான்கும் வேறு வேறு மதிப்பீடுகள். விமர்சகர் தம் கணிப்பு தவறினால் எதையும் இழப்பதில்லை; பரபரப்பாகச் சொன்னால் அவருக்கு ஆதாயம்கூட உண்டு. பந்தய நிறுவனமோ தவறினால் பணத்தை இழக்கும். அதனால், பந்தயம் கட்டும் எண்ணம் சிறிதும் இல்லாதவர்களுக்கும் அந்த விகிதமே நம்பகமான அளவுகோல். அதைச் சாத்திய விழுக்காடாக மாற்றுவது எளிது. ஓர் அணி பட்டம் வெல்வதற்கு 4-க்கு 1 என்ற விகிதம் தரப்பட்டிருந்தால், ஒன்றை ஐந்தால் வகுக்க வேண்டும். விடை 20 விழுக்காடு. எல்லா அணிகளுக்கும் இவ்வாறு கணக்கிட்டுக் கூட்டினால் மொத்தம் நூற்றைத் தாண்டும். அந்த உபரிதான் நிறுவனத்தின் லாபம். ஒவ்வோர் அணியின் விழுக்காட்டையும் அந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓரளவு நேர்மையான எண் கிடைக்கும்.

இப்படி மாற்றிப் பார்த்தவுடன் பாதி வாதம் கரைந்துவிடுவதுண்டு. "எல்லோரும் நம்மைச் சாம்பியன் என்கிறார்கள்" என்று கொதிப்பவரிடம், பந்தயச் சந்தை நமக்குத் தருவது வெறும் 12 விழுக்காடு என்று காட்டினால், எட்டில் ஏழு பங்கு நாம் வெல்ல மாட்டோம் என்றுதான் அதுவும் சொல்கிறது என்பது அவருக்குப் புரியும். ஆனால் மிகப் பெரிய விகிதங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2015-16 பருவத்துக்கு முன் லெஸ்டர் சிட்டிக்குத் தரப்பட்ட 5000-க்கு 1 என்ற விகிதம், நடக்கவே நடக்காது என்பதை எண்ணில் எழுதியதே தவிர, யாரும் உட்கார்ந்து கணித்தது போலத் தெரியவில்லை. அந்த அணி 81 புள்ளிகளுடன் பட்டம் வென்றது.

சென்ற பருவத்துப் புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள்

ஓர் அணி மெச்சப்படுவதற்கு மிகப் பெரிய காரணம் சென்ற பருவத்தில் அது பெற்ற இடம். அந்த இடத்தில் எவ்வளவு பங்கு திரும்ப வரும், எவ்வளவு பங்கு திரும்பாது என்று பிரிப்பதே இந்த முறையின் மையம்; நேரம் குறைவாக உள்ளவர்கள் இதை மட்டும் செய்தாலும் போதும்.

இதற்கு எளிய கருவி கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வரும் எண். 38 ஆட்டங்கள் கொண்ட லீகில் ஒரு சராசரி அணி ஏறத்தாழ 52 புள்ளிகள் பெறும். வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 புள்ளி என்ற முறையில், ஆட்டங்களில் கால் பங்கு சமநிலையில் முடியும் என்று கொண்டு கணக்கிட்டால் இந்த எண்ணே வரும். அதனோடு, கோல் வித்தியாசத்தை 0.65-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கிடைப்பது அந்த அணியின் கோல் கணக்கு நியாயப்படுத்தும் புள்ளிகள். உண்மையில் பெற்ற புள்ளிகள் அதைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்தால், நெருக்கமான ஆட்டங்கள் வழக்கத்துக்கு மீறி அந்த அணியின் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பொருள். ஒரு கோல் வித்தியாசத்தில் வெல்வதைத் தனித் திறமையாகப் போற்றுவது ரசிகர்களின் இயல்பு. பெரும்பாலான அணிகளிடம் அந்தத் திறமை அடுத்த பருவத்துக்கு வந்து சேர்வதில்லை.

2011-12 பருவத்தின் நியூகாசில் யுனைடெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 65 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம். அடித்த கோல்கள் 56, வாங்கியவை 51. கோல் வித்தியாசம் வெறும் 5 என்பதால் நமது கணக்கு தருவது 55 புள்ளிகள்தான். அதற்கு ஒரு படி கீழே 64 புள்ளிகளுடன் நின்ற செல்சியின் கோல் வித்தியாசம் 19. அடுத்த பருவத்தில் செல்சி மூன்றாம் இடத்துக்கு ஏறியது. நியூகாசில் 41 புள்ளிகளுடன் பதினாறாம் இடத்துக்குச் சரிந்தது. 2023-24-இல் மான்செஸ்டர் யுனைடெட் அடித்ததைவிட ஒரு கோல் கூடுதலாக வாங்கியும் 60 புள்ளிகளுடன் எட்டாவதாக வந்தது. கணக்குத் தருவது 51. போதாக்குறைக்கு அந்த அணி எஃப்ஏ கோப்பையையும் வென்றதால் நம்பிக்கை மேலும் பெருகியது. அடுத்த பருவத்தில் 42 புள்ளிகள், பதினைந்தாம் இடம்.

இதே கருவி எதிர்த்திசையிலும் பேசும். 2020-21-இல் பிரைட்டன் 41 புள்ளிகளுடன் பதினாறாவதாக முடித்தது. கோல் வித்தியாசம் கழித்தல் 6 என்பதால் கணக்குத் தரும் எண் 48. அடுத்த ஆண்டு அது 51 புள்ளிகளுடன் ஒன்பதாம் இடம் பிடித்தது. பருவத்துக்கு முந்தைய வாதங்களில் "நம்மை யாரும் மதிப்பதில்லை" என்ற புலம்பல் எப்போதாவது உண்மையாக இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

எனக்குச் சாதகமான எடுத்துக்காட்டுகளை மட்டும் அடுக்கினால் அது முறையாகாது. டாட்டன்ஹாம் 2012-13-இல் 72, 2013-14-இல் 69, 2014-15-இல் 64 எனப் புள்ளிகள் பெற்றது. கோல் வித்தியாசம் முறையே 20, 4, 5. மூன்று பருவங்களிலும் கணக்கைவிட முறையே 7, 14, 9 புள்ளிகள் கூடுதல். நடுப் பருவத்தைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். அந்த ஆண்டு மான்செஸ்டர் சிட்டியிடம் 6-0, 5-1 என்றும், லிவர்பூலிடம் 5-0, 4-0 என்றும், செல்சியிடம் 4-0 என்றும் தோற்றது. இந்த ஐந்து ஆட்டங்களில் மட்டும் கழித்தல் 23. மற்ற 33 ஆட்டங்களில் கூட்டல் 27. ஆறு கோல் வாங்கித் தோற்றாலும் இழப்பது மூன்று புள்ளிகள்தான். ஆகவே கணக்கைப் போட்ட பிறகு, மூன்றோ அதற்கு மேலோ கோல் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களைத் தனியே எடுத்து, அவை மொத்த எண்ணை எவ்வளவு இழுத்திருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கோல்களையும் சந்தேகியுங்கள்

கோல் வித்தியாசமும் முற்றிலும் தூய எண் அன்று, ஏனெனில் கோல்களிலும் அதிர்ஷ்டம் உண்டு. எதிர்பார்க்கப்படும் கோல், அதாவது எக்ஸ்ஜி என்ற அளவு இதற்காக வந்ததுதான். ஒவ்வோர் உதையும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எவ்வகைப் பந்திலிருந்து அடிக்கப்பட்டது என்பதை வைத்து அது கோலாகும் வாய்ப்பை மதிப்பிட்டு, பருவம் முழுவதும் கூட்டுகிறார்கள். பெனால்டிகளில் நான்கில் மூன்றுக்குச் சற்றுக் கூடுதலானவை கோலாவதால் ஒரு பெனால்டிக்கு 0.75-ஐ ஒட்டிய மதிப்பு தரப்படும். உங்கள் அணி அந்தக் கூட்டுத்தொகையைவிட பன்னிரண்டு பதினைந்து கோல்கள் கூடுதலாக அடித்திருந்தால், யார் அடித்தார் என்று பாருங்கள். பல பருவங்களாகத் தம் வாய்ப்புகளுக்கு மேல் அடித்துவரும் முன்கள வீரர் என்றால் ஓரளவு நம்பலாம். ஒரே பருவத்தில், அதுவும் பாதிப் பருவத்தில் பொரிந்து தள்ளியவர் என்றால் நம்ப வேண்டாம்.

மேலே சொன்ன நியூகாசிலில் நடந்தது இதுவே. 2012 ஜனவரியில் வந்த பாபிஸ் சிஸே 14 லீக் ஆட்டங்களில் 13 கோல்கள் அடித்தார். கோணமே இல்லாத இடங்களிலிருந்துகூடப் பந்து உள்ளே போனது. அடுத்த முழுப் பருவத்தில் லீகில் அவர் அடித்தவை 8. அவர் திடீரென்று மோசமான வீரர் ஆகிவிடவில்லை, முந்தைய வேகம் யாருக்கும் நீடிக்காத வேகம். கோல்கீப்பர்களிடமும் இதே சோதனையைச் செய்யுங்கள். ஓர் அணி வாங்கிய கோல்கள், அதற்கு எதிரான வாய்ப்புகளைவிட மிகக் குறைவாக இருந்தால், அந்தத் தற்காப்பைப் பாராட்டுவதற்கு முன் சற்றுப் பொறுத்திருப்பது நல்லது.

வந்தவர், போனவர்

வீரர்களை வாங்கி விற்கும் இடமாற்றச் சந்தையைப் பொறுத்தவரை ரசிகர்கள் இருவிதமாகவும் தவறுகிறார்கள்: வாங்கும்போது மிகையாக மகிழ்கிறார்கள், விற்கும்போது மிகையாக அழுகிறார்கள். 2013-இல் டாட்டன்ஹாம் கேரத் பேலை ரியல் மாட்ரிடுக்குப் பெருந்தொகைக்கு விற்று, சோல்டாடோ, பாலின்யோ, லமேலா, எரிக்சன் உட்பட ஏழு பேரை வாங்கியபோது அணி வலுப்பெற்றுவிட்டது என்ற பேச்சு பரவலாக இருந்தது. முடிவோ ஐந்தாம் இடத்திலிருந்து ஆறாம் இடம். டிசம்பரிலேயே பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் விலகினார். மறு ஆண்டு சவுத்தாம்ப்டன் லல்லானா, லாம்பர்ட், லோவ்ரன், லூக் ஷா, சேம்பர்ஸ் ஆகியோரையும் பயிற்சியாளர் பொசெட்டினோவையும் ஒரே கோடையில் இழந்தது; கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் என்றே பலர் கணித்தார்கள். ரொனால்ட் கூமன் தலைமையில் பெல்லே, டாடிச், மானே போன்ற புதியவர்களுடன் அது 60 புள்ளிகள் பெற்று ஏழாவதாக வந்தது, அதாவது முந்தைய ஆண்டைவிட ஓரிடம் மேலே.

இதனால் பெயர்களை எண்ணாமல் நிமிடங்களை எண்ணுங்கள். சென்ற பருவத்தில் லீகில் ஆடப்பட்ட மொத்த நிமிடங்களில், இப்போதும் அணியில் இருப்பவர்கள் ஆடியது எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் சென்ற பருவத்து எண்ணையே பெரும்பாலும் அடித்தளமாக வைக்கலாம்; பாதிக்குக் குறைவாக இருந்தால் நம்பிக்கை, அவநம்பிக்கை இரண்டையும் அளவோடு வைத்து, உங்கள் கணிப்பின் வரம்பை அகலமாக்க வேண்டும். இந்த எல்லைகள் என் அனுபவத் தீர்ப்பே அன்றி நிறுவப்பட்ட விதி அல்ல. அதோடு, சென்ற பருவம் முழுவதும் காயமின்றி ஆடிய மூத்த வீரர்களைக் குறித்துவையுங்கள். யாரும் காயப்படாத பருவம் என்பது திரும்ப வரும் என்று எதிர்பார்க்க முடியாத ஒரு வரவு. 2019-20-இல் 99 புள்ளிகளுடன் சாம்பியனான லிவர்பூலின் கோல் வித்தியாசம் 52. கணக்குப்படி 86 புள்ளிகள்தான் வர வேண்டும். அடுத்த பருவத்தில் வான் டைக், ஜோ கோம்ஸ், மாட்டிப் என மையத் தடுப்பாட்டக்காரர்கள் வரிசையாகக் காயமுற, அணி 69 புள்ளிகளில் நின்றது. அந்த 30 புள்ளிச் சரிவில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும், மற்றதை யாராலும் ஊகித்திருக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதே பின்னாளைய வாதங்களில் குழப்பம் விளைவிக்கிறது.

ஐரோப்பிய ஆட்டங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நன்றாக ஆடியதற்குப் பரிசாகக் கிடைக்கும் சாம்பியன்ஸ் லீக் இடம், 2024-25 முதல் வார நடுவில் குறைந்தது எட்டு ஆட்டங்களைக் கொண்டுவருகிறது. பெரிய அணிகளிடம் இரண்டு வரிசை வீரர்கள் உண்டு. முதல்முறையோ நெடுநாளுக்குப் பின்போ தகுதி பெறும் அணிக்கு அது இருப்பதில்லை. நியூகாசில் 2022-23-இல் 71 புள்ளிகளுடன் நான்காவதாக வந்து, அடுத்த பருவத்தில் சாம்பியன்ஸ் லீகும் காயங்களும் சேர்ந்து அழுத்த, 60 புள்ளிகளுடன் ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

பயிற்சி ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடிவுகளை ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில் டெட்ராய்ட் லயன்ஸ் 2008-இலும் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 2017-இலும் பருவத்துக்கு முந்தைய நான்கு ஆட்டங்களையும் வென்று, பின்னர் பருவத்தின் 16 ஆட்டங்களிலும் தோற்றன. பயிற்சி ஆட்டத்தில் கவனிக்கத் தக்கவை இரண்டே: யார் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார், யார் களமிறங்கவே இல்லை.

எண்ணை எழுதுங்கள், வரம்போடு எழுதுங்கள்

இப்போது உங்களிடம் ஓர் அடித்தள எண் இருக்கிறது. கோல் கணக்கு தரும் புள்ளிகளையும் உண்மையில் பெற்ற புள்ளிகளையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதை இன்னும் சற்று 52-ஐ நோக்கி நகர்த்துங்கள், ஏனெனில் உச்சத்தில் முடித்தவர்கள் சராசரியாகச் சற்று இறங்குவதும் அடியில் முடித்தவர்கள் சற்று ஏறுவதும் எல்லா லீகுகளிலும் காணப்படும் போக்கு. வந்தவர் போனவருக்காக இரண்டு மூன்று புள்ளிகள் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பத்துப் புள்ளிகள் கூட்ட வேண்டும் என்று தோன்றினால், அது மதிப்பீடு பேசுவதா ஆசை பேசுவதா என்று நிதானித்துக் கேளுங்கள். பக்தர்கள் மட்டுமல்லர், அவநம்பிக்கையாளர்களும் இந்தச் சோதனைக்கு உட்பட்டவர்களே. ஏமாற்றத்தைத் தாங்குவதற்காக முன்கூட்டியே அணியைத் தாழ்த்திப் பேசுபவர் தம்மை நடுநிலையாளர் என்று கருதிக்கொள்வது உண்டு. அவருடைய எண்ணும் ஆசையின் எண்ணே.

ஒற்றை எண் போதாது. ஓர் அணியின் உண்மையான தரம் பருவம் முழுவதும் மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வெற்றி, சமநிலை, தோல்வி ஆகியவற்றின் தற்செயல் ஏற்றத்தாழ்வு மட்டுமே 38 ஆட்டங்களில் ஏறத்தாழ 8 புள்ளிகள் அளவுக்கு இருக்கும். மூன்று பருவங்களில் இரண்டில்தான் முடிவு இந்த எட்டுக்குள் அடங்கும். எனவே "60 புள்ளிகள்" என்று எழுதுபவர், 52 முதல் 68 வரை எதுவும் தமக்கு வியப்பளிக்காது என்பதையும் உடன் எழுத வேண்டும். பல லீக் பட்டியல்களில் 52 என்பது நடுவரிசை, 68 என்பது ஐரோப்பிய இடங்களுக்கான போட்டி. இவ்வளவு அகலமான வரம்பைப் பார்த்ததும் வாதத்தின் சூடு தணிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாதத்தை நடத்தும் விதம்

எண்கள் எழுதப்பட்ட பிறகு, எதிர்த் தரப்பிடம் அவருடைய எண்ணையும் வரம்பையும் கேளுங்கள். பல சமயம் "மிகையாக மெச்சுகிறார்கள்" என்பவரின் எண் 63, "இல்லவே இல்லை" என்பவரின் எண் 66 என்று தெரியவரும். அவர்கள் சண்டையிட்டது அணியைப் பற்றி அன்று, ஒருவர் மற்றவர் பேசிய தொனியைப் பற்றி. வேறுபாடு பத்துப் புள்ளிகளுக்கு மேல் இருந்தால் மட்டும் காரணங்களுக்குள் இறங்குங்கள். அப்போதும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பேசாமல், அந்தப் பத்துப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடுங்கள்: கோல் கணக்கை நம்புவதிலா, புதிய முன்கள வீரரிலா, பயிற்சியாளர் மாற்றத்திலா? வேறுபாடு ஓர் இடத்தில் குவிந்திருப்பது தெரிந்தால், எந்தத் தகவல் கிடைத்தால் எண்ணை மாற்றிக்கொள்வீர்கள் என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். எந்தத் தகவலாலும் மாற்ற மாட்டேன் என்பவரோடு அன்றைய பேச்சை ஜெர்சியின் நிறத்துக்கு மாற்றிவிடுவதே நலம்.

பருவம் தொடங்கியதும் முதல் ஐந்து ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஐந்து ஆட்டங்களில் தற்செயல் ஏற்றத்தாழ்வு மட்டுமே சுமார் 3 புள்ளிகள்; ஒரே தரமுள்ள அணி 4 புள்ளிகளுடனும் நிற்கலாம், 10 புள்ளிகளுடனும் நிற்கலாம். பொருசியா டார்ட்மண்ட் 2014-15-இல் 19 ஆட்டங்களுக்குப் பிறகும் ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் கடைசி இடத்தில் கிடந்து, ஏழாம் இடத்தில் பருவத்தை முடித்தது. பன்னிரண்டு ஆட்டங்கள் முடிந்ததும் எழுதிவைத்த தாளை எடுத்து, புள்ளிகளைப் பார்க்கும் முன் கோல் வித்தியாசத்தையும் எக்ஸ்ஜியையும் பார்த்து, இதுவரை சந்தித்த எதிரணிகள் வலியவையா எளியவையா என்று குறித்துக்கொண்டு, தேவையானால் மட்டும் எண்ணைத் திருத்துங்கள். பழைய எண்ணை அடிக்காமல் அதன் பக்கத்திலேயே புதியதைத் தேதியோடு எழுத வேண்டும். அடித்துவிட்டால் பருவ முடிவில் உங்கள் முதல் கணிப்பு என்னவாக இருந்தது என்பதை உங்களாலேயே நினைவுகூர முடியாது.